வாசல் எழுத்து

— இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி, ஸக்கியா. போனுக்கு நேர. ஐயோ மாதாவே! கொடியைத் தலைகீழாத் தைச்சு வச்சிருக்கிறாயடி!

— வேலை நேரத்தில விளையாடாத சீனி. ஜும்ஆத் தொழுகை முடிய பாலாவிச் சந்தியில பலஸ்தீனத்துக்கு ஊர்வலம். அறுபது கொடி. பன்னிரெண்டு மணிக்கு லத்தீப் வேன் கொண்டு வாறான்.

— நான் ஏன் விளையாடுறன்? கறுப்பு மேல, வெள்ளை நடுவில, பச்சை அடியில. நீ பச்சையை மேல வச்சிருக்கிறாய்.

— பச்சையை அடியில வைக்கிறதா? பள்ளிவாசல் கொடி பச்சை. கந்தூரிக் கொடி பச்சை. அதைக் கொண்டுபோய்க் காலடியில வச்சுத் தைக்க எனக்குக் கை வருமா?

— இது உன்ர கந்தூரி இல்லையடி. ஒரு நாட்டின்ர கொடி.

— நீ இருக்கிறது இஸ்ரேல்ல. பலஸ்தீனக் கொடி உனக்கெப்பிடித் தெரியும்?

— நான் வேலைக்கு நிண்டு பார்க்கிற கிழவி, மிரியம் அம்மா, டிவியை நிப்பாட்ட விடமாட்டா. மருந்து குடுக்கேக்கையும் அதுதான், கால் பிடிச்சு விடேக்கையும் அதுதான். எந்த நிறம் எங்க நிக்கும் எண்டு நித்திரையிலயும் சொல்லுவன்.

— இஞ்சயும் ஒரு டிவிக்காரர் இருக்கிறார், என்ட மனுசன். இஞ்சாருங்க! பச்சை மேலயா, கீழயா?

— சுருக்கமாச் சொல்றன் புள்ள. அந்தக் கொடியை எடுத்தா நாலு நிறம். நாலுக்கும் வரலாறு இருக்கு. முதலாவது கறுப்பு. கறுப்பு எண்டு ஏன் வந்திச்சு எண்டா...

— மேலயா, கீழயா?

— கீழ.

— அல்லாஹ்வே! மூணு நாளா என்ட முன்னால கதிரையில குந்திக்கொண்டு இருந்தீங்களே. வாயைத் தொறந்து ஒரு சொல்லுச் சொன்னா என்ன?

— நான் டிவியைப் பார்த்துக்கொண்டு இருந்தன் புள்ள. கொடியைப் பார்க்கல்ல.

— கேட்டியா சீனி? இவருக்குக் காஸாவில எந்தத் தெருவுக்குப் பக்கத்தில எந்தத் தெரு எண்டு தெரியும். தன்ட வீட்டுக்குள்ள அறுபது கொடி பிழையாக் கிடக்கிறது தெரியாது.

— ஏசாத, பாவம் ஜபார் நானா. இஞ்ச பார், எல்லாத்தையும் பிரிக்கத் தேவையில்ல. கம்பு நுழையிற மடிப்பு இருக்குதானே? மேல்வாயைத் தைச்சு மூடியிருக்கிறாய், கீழ்வாய் திறந்து கிடக்கு.

— ஓம்.

— மேல்வாயைப் பிரி. கீழ்வாயை மூடு. கம்பை மற்றப் பக்கத்தால ஏத்து.

— பொறு, பொறு... திருப்பினா... சிவப்பு முக்கோணம் அதே பக்கத்திலதான் நிக்குது! பச்சை தானாக் கீழ போகுது! சீனி, நான் கீழ வைக்கல்ல பாரு, அதுவாப் போச்சு. நீ தங்கம்டி.

— சீனி எண்டே சொல்லு. நாலு வயசில யூஜீனியா எண்டு வாய் வராமச் சீனி எண்டாய். அம்பத்திநாலு வயசிலயும் சீனிதான். கூப்பிட்டுக் கூப்பிட்டு ரத்தத்திலயும் சீனி ஏறிப்போச்சு.

— இஞ்சாருங்க, இந்தாங்க சவர பிளேட். அந்தக் குவியலை எடுத்து மேல்வாயைப் பிரிங்க. துணியை வெட்டிராதீங்க.

— புள்ள, அதுக்கு முதல் ஒரு விஷயம். சுருக்கமாச் சொல்றன்.

— நீங்க சுருக்கமாச் சொல்லி முடிக்கேக்குள்ள ஜும்ஆ முடிஞ்சிரும்.

— நேத்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளியில வச்சு லத்தீப் கேட்டான். 'ஜபார் நானா, கொடி தைக்கிற கைதான் ஒவ்வொரு நாளும் இஸ்ரேலுக்குப் போன் கோல் எடுக்குதாமே, ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க' எண்டான். அந்தக் கோலை நிப்பாட்டாட்டி அடுத்த முறை கொடியை வேற ஆளிட்டத்தான் குடுக்க வரும் எண்டும் சொன்னான்.

— சீனி கேட்டுக்கொண்டு இருக்கிறா.

— தங்கச்சி, இது நான் சொன்னதில்ல. லத்தீப் சொன்னது.

— பரவாயில்ல நானா. அந்தத் தம்பி சொல்றதிலயும் பிழையில்ல. ஸக்கியா, வேணுமெண்டா கொஞ்ச நாளைக்கு விடுவம். உனக்கு ஊரோட கரைச்சல் வேண்டாம்.

— நீ வாயைப் பொத்து. இஞ்சாருங்க, லத்தீப்பிட்டச் சொல்லுங்க. இண்டைக்குக் கொடி நேரா நிக்குதெண்டா அந்தக் கோலாலதான் நிக்குது எண்டு. இல்லாட்டி அறுபது பேர் சந்தியில தலைகீழாப் பிடிச்சு, பேஸ்புக்ல உலகமே சிரிச்சிருக்கும்.

— அதை அப்பிடியே சொல்லவா?

— அப்பிடியே சொல்லுங்க. இன்னொண்டும் சொல்லுங்க. சீனி அங்க போனதில இருந்து ஒம்பது வருஷமா நான் கோல் எடுக்கிறன். விடிஞ்சா முதல் கேள்வி, 'உசிரோட இருக்கிறியா?' எண்டுதான். அதை ஆர் சொல்லியும் நிப்பாட்ட மாட்டன். கொடி போனாப் போகட்டும்.

— ஏன் ஸக்கியா என்னில இவ்வளவு...

— அது உனக்கு இப்ப விளங்காது. விடு.

— புள்ள, அங்க பாரு, அங்க பாரு டிவியில. அந்தச் சின்னதைப் பாரு. வெறுங்காலோட, தலையில மெத்தையைத் தூக்கிக்கொண்டு...

— பிளேட்டைக் கையில வச்சுக்கொண்டு அழாதீங்க. விரலை வெட்டிருவீங்க.

— எப்பிடிப் புள்ள பார்க்காம இருக்கிறது?

— பாருங்க. நானும் அழுறன்தானே. ஆனா தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் தூக்கின இயக்கம் முஸ்லிம் எண்டு எங்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்ன நேரம், மழைக்குள்ள வள்ளத்தில வந்து கற்பிட்டியில இறங்கினமே. மகளை நெஞ்சோட சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினன். அண்டைக்கு ஒரு கமரா வந்திச்சா?

— வரல்ல. அதாலதான் பார்க்கிறன். எங்களை ஒருத்தனும் பார்க்கல்ல. இந்தப் புள்ளையையாவது எங்கயோ ஒரு ஊர்ல ஒருத்தன் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

— ...சரி. நீங்க பாருங்க. நான் பிரிக்கிறன்.

— நான் பார்த்தன் நானா. வள்ளம் மறையுமட்டும் கரையில நிண்டு பார்த்தன்.

— ஓம் சீனி. நீ நிண்ட. உன்ட சிவப்புச் சட்டை புள்ளியாத் தெரிஞ்சிச்சு. கடைசியாத் தெரிஞ்சது அதுதான். சரி, கண்ணைத் துடை. என்னத்துக்கு இவ்வளவு விடிய நீயா எடுத்த? நான்தானே எடுப்பன்?

— ஒரு உதவி வேணும். அரபு எழுத்து வாசிக்கோணும்.

— எனக்கு ஓதத்தான் தெரியும். கருத்துத் தெரியாது.

— ஓதினாப் போதும். போன கிழமை ராக்கெட் விழுந்து அடுத்த தெருவில ஒரு மதில் சரிஞ்சதெண்டு சொன்னன்தானே? அந்த அதிர்வில எங்கட வாசலுக்கு மேல பூச்சுக் கழண்டு கொட்டிட்டு. உள்ளுக்குக் கல்லு. கல்லில எழுத்து வெட்டியிருக்கு.

— அந்தக் கிழவிக்குத் தெரியாதா?

— எழுபத்தாறு வருஷமா இந்த வாசலாலதான் போய் வாறா. அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது எண்டுறா. ருமேனியாவில பிறந்தவ. யூதர் எண்டு வீட்டில எல்லாரையும் அங்க கொலை செய்துபோட்டாங்கள். ஆறு வயசில ஒரு மாமியோட கப்பல்ல வந்து இந்த ஹைஃபாவில இறங்கினவ. இறங்கின ரெண்டு பேருக்கும் இந்த வீட்டைக் குடுத்தாங்களாம். ஆருடைய வீடு எண்டு அவ கேக்கல்ல. ஆறு வயசுதானே.

— பிறகு வளர்ந்தாதானே?

— ஓம். வளர்ந்தா. வளர்ந்தும் கேக்கல்ல. நேற்றுத்தான் கேட்டா. எட்டு மணிக்கு மேசன் பூச வாறான். பூசமுதல் என்ன எழுதியிருக்கெண்டு ஆரையாவது கேட்டுச் சொல்லு எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா.

— காட்டு. கமராவைத் திருப்பு. இன்னும் கிட்ட. ஆட்டாத. ...ஹா. தால். அலிஃப். ஹாதா... மின்... ஃபழ்லி... ரப்பீ.

— என்ன கருத்து?

— இதுக்குக் கருத்துத் தெரியும்டி. 'இது என்ட ஆண்டவன் தந்த அருள்'. புது வீடு கட்டினா வாசலுக்கு மேல எழுதுவாங்க. மன்னார் வீட்டில வாப்பாவும் எழுதினாரே.

— அதானே! எனக்கும் கண்டவுடன பட்டது. அதே எழுத்து. நடுவில ஒரு எழுத்து தலையில புள்ளி வச்சு வயித்தைத் தள்ளிக்கொண்டு நிக்குமே! ஒவ்வொரு நத்தாருக்கும் யேசு பாலன் பிறப்புக்கெண்டு சுண்ணாம்பு அடிக்கேக்குள்ள அம்மா கீழ நிண்டு கத்துவா. 'அந்த வயித்துக்காரியில பிரஷ் படப்படாது, சுத்தி அடியடி, அது கடவுள்ர எழுத்து' எண்டு.

— ஆ? பொறு தங்கச்சி. ஜபார் நானா கேக்கிறன். நத்தாருக்குச் சுண்ணாம்பா? எந்த வீட்டுக்கு?

— இல்ல நானா, அது... முந்தி...

— முந்தி எண்டா? ஸக்கியாட வாப்பாட வீடு ஷெல் விழுந்து தரைமட்டம் எண்டு தொண்ணூத்திரெண்டில கடிதம் போட்டது நீதானே? முகாம்ல ஓலைக்கொட்டிலுக்குள்ள நாங்க சுத்திக் குந்திக்கொண்டு அழுதம். மௌத்தான ஆளுக்கு ஓதுற மாதிரி மாமனார் பாத்திஹா ஓதினார். வீட்டுக்குப் பாத்திஹா ஓதின ஆக்கள் இந்த உலகத்தில நாங்கதான்!

— ஷெல் விழுந்தது எங்கட வீட்டில நானா.

— என்ன?

— எங்கட வீட்டிலதான் விழுந்தது. கூரை போச்சு, ஒரு பக்கச் சுவர் போச்சு. மழை. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில இருந்த உங்கட வீட்டுக்குள்ள போனா. ஒரு கிழமைக்கு எண்டுதான் போனம். சத்தியமா ஒரு கிழமைக்குத்தான். பிறகு தம்பிக்குக் கலியாணம். பிறகு அவன்ர பிள்ளைகள். இண்டைக்கும் அவன்தான் இருக்கிறான். நான் என்ன எண்டு எழுதுவன்? உங்கட வீடு நல்லா இருக்கு, அதுக்குள்ள நாங்க இருக்கிறம் எண்டா? வீடு விழுந்திட்டு எண்டு எழுதினன். விழுந்ததெண்டாத்தான் நீங்க ஆசைப்பட மாட்டீங்க எண்டு.

— முப்பத்திரெண்டு வருஷம்! தங்கச்சி, முப்பத்திரெண்டு வருஷம் எங்களை ஏமாத்தியிருக்கிற!

— ஓம் நானா. ஸக்கியா, ஏதும் கதை. ஏசு. கூடாத வார்த்தையால ஏசு. பேசாம இருக்காத.

— புள்ள, நீ ஏன் கொடியைப் பிரிச்சுக்கொண்டே இருக்கிற? அவ சொன்னது காதில விழுந்திச்சா?

— விழுந்திச்சு. லத்தீப் பன்னிரெண்டு மணிக்கு வாறான்.

— கேட்டும் உனக்கு ஒண்டும் ஆகல்லையா?

— சீனி. உன்ட அம்மா மௌத்தாகிறதுக்கு முதல், ரெண்டாயிரத்துப் பத்தில, பர்தா போட்ட மனுசி ஒருத்தி வாசல்ல வந்து தண்ணி கேட்டாள் எண்டு உனக்குச் சொல்லல்லையா?

— ...சொன்னா. பஸ் தவறவிட்ட ஆளாக்கும் எண்டா. செம்பில தண்ணி குடுத்தாவாம். அந்த மனுசி குடிக்காம மேலயே பார்த்துக்கொண்டு நிண்டாளாம். பிறகு தண்ணியை வாசல் செவ்வரத்தைச் செடிக்கு ஊத்திட்டுப் போனாளாம். மாதாவே... ஸக்கியா...

— அந்தச் செவ்வரத்தை நான் நட்டது. வாடிக்கிடந்திச்சு. எழுத்தைத்தான் பார்த்தன்டி. சுவரெல்லாம் மஞ்சள் சுண்ணாம்பு. எழுத்தில ஒரு சொட்டுப் படல்ல. உன்ட அம்மா என்னை அடையாளம் காணல்ல. 'வெயிலுக்குள்ள நிக்காத பிள்ளை, உள்ளுக்கு வா' எண்டா. என்ட வாப்பாட வீட்டுக்குள்ள என்னைக் கூப்பிட்டா.

— நீ போனியா?

— போகல்ல. போயிருந்தா வெளியில வந்திருக்க மாட்டன்.

— புள்ள! பதினாலு வருஷமா உனக்குத் தெரியுமா? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லையே! மன்னாருக்குக் கலியாணத்துக்குப் போன அண்டைக்கா? வந்து இறங்கி ஒண்டும் சொல்லல்லையே!

— சொல்ல வந்தன். நீங்க டிவி பார்த்துக்கொண்டு இருந்தீங்க. அந்தக் குவியலை முடிங்க. இன்னும் இருவத்திரெண்டு கிடக்கு. சீனி, மேசன் வந்தா அந்தக் கிழவியிட்டச் சொல்லு. எழுத்து மேல பூச வேண்டாமாம். உன்ட அம்மா அடிச்ச மாதிரி சுத்திப் பூசட்டும்.

— சொல்லுறன். கருத்தையும் சொல்லுறன். ஸக்கியா...

— அது என்ன சத்தம்?

— சைரன். ராக்கெட் விழ ஒரு நிமிஷம் இருக்கு. மிரியம் அம்மா, கையைத் தாங்கோ, எழும்புங்கோ... ஸக்கியா, போனை வைக்காத!

— பேசாம ஓடுடி!

— சொல்லிட்டு வை! தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு நாளும் எடுத்தாய்? ஒம்பது வருஷம் 'உசிரோட இருக்கிறியா' எண்டு ஏன் கேட்டாய்? என்னில கோவம் இல்லையா?

— கோவம்தான்டி! பதினாலு வருஷமாக் கோவம்தான்! நீயாச் சொல்லுவ எண்டுதான் ஒவ்வொரு நாளும் எடுத்தன். இப்பக் கிழவியைப் பிடிச்சுக்கொண்டு கீழ ஓடு. உனக்கு ஒண்டும் ஆகப்படாது, சீனி. என்ட வாப்பாட வீட்டை நான் உன்னட்டத்தான் கேக்கோணும்.