இடது கட்டைவிரல்

தேநீரை ஆறவிடாதீர்கள், முகாய் சான். அரிசி பிஸ்கட் நமத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எங்கள் ஹிமி ஊரில் எந்த டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இதே கதிதான். டோக்கியோவிலிருந்து ரயில் மாறி மாறி வந்தவருக்கு மொறுமொறுவென்று ஒன்று கொடுக்க முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

வந்ததும் முதல் வேலையாக என் தம்பியின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, மணியைத் தட்டிக் கும்பிட்டீர்கள். பையிலிருந்து புத்தம்புதுப் பெட்டி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் படத்தடியில் வைத்தீர்கள். நீங்களும் உங்கள் ஆட்களும் செய்த கார் பந்தய விளையாட்டு. பிறகு என் பக்கம் திரும்பி, "நோரியுகி சானுக்கு கேம் புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் தேநீர் போட எழுந்துபோனேன். மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பீர்கள். இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

என் வேலையைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது புரியும். மீனை அரைத்து, ஆவியில் வேகவைத்து, கட்டியாக விற்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். முள் இருந்தது, உறை பிரியவில்லை, போன வருடம் இன்னும் ருசியாக இருந்தது என்று எழுதுபவர்களுக்கெல்லாம் நான்தான் கம்பெனி. சாதாரணக் கடிதத்தை நாம் பருவகால வரியோடுதானே தொடங்குவோம், இலை சிவந்தது, பனி விழுந்தது என்று. மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் அது கூடாது. தப்புச் செய்தவன் வானிலை பேசினால் படிப்பவருக்கு எரிச்சல் வரும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் இதில் தவறியதில்லை, ஆபீஸ் கடிதத்தில்.

நோரி எனக்குப் பதின்மூன்று வயது இளையவன். தசை கரைந்துகொண்டே போகும் நோய். பத்து வயதில் அம்மா போனாள், பன்னிரண்டில் நடை போனது. அப்பாவும் போனபின், பதினேழு வயதில் மலையடி ஆஸ்பத்திரியின் நீண்டகால வார்டில் சேர்த்தேன். 'நோரி' என்ற ஒலிக்கு ஏறி ஓட்டுதல் என்றும் பொருள் வருகிறதே, அதைச் சொல்லி அவனே சிரிப்பான். "பேர் வெச்சவங்களுக்கு நல்ல நக்கல்," என்பான்.

உங்கள் முதல் விளையாட்டு வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு. அந்தக் கையடக்கக் கருவியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போவேன். பெர்சிமன் பழத்தைத் தோல் சீவி, நறுக்கி, வாயருகே நீட்டுவேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறப்பான். நான் என்ன சொன்னாலும் "ம்" என்பான். ஒருநாள் சோதித்துப் பார்க்கலாமே என்று, "நம்ம வீடு தீப்பிடிச்சிருச்சுடா," என்றேன்.

"ம். இந்த வளைவு முடியட்டும்," என்றான்.

பக்கத்துப் படுக்கைப் பெரியவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவன் தலையின் பின்பக்கத்திடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அப்படி ஐந்து வருடம்.

பிறகு அவன் விரல்கள் தளர்ந்தன. உங்கள் முதல் விளையாட்டுக்கு இரண்டு கையும் வேண்டும், உங்களுக்கே தெரியும். கருவி அலமாரிக்குள் போன அன்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிவிடச் சொன்னான். அழுவது எனக்குத் தெரியக்கூடாதாம். அடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழைந்தபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, பஸ்ல கூட்டமா?" என்று கேட்டான். என்னிடம் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வந்த நான்கு வருடங்கள் நன்றாக இருந்தன.

அடுத்த விளையாட்டு வரப்போகிறது என்று பத்திரிகையில் வந்ததும் அவன்தான் அஞ்சலட்டை எழுதச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'ஒரே விரலால் ஓட்டும்படி செய்தால் என்னைப் போன்ற ஒருத்தன் வாங்குவான். இடது கட்டைவிரல் இன்னும் நன்றாக இருக்கிறது.' விலாசம் எங்கள் வீட்டு விலாசம். தபாலில் போட்டதும் நான்தான். அதை நீங்கள் படிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு உங்கள் விளையாட்டு மூன்று முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் அறிவிப்பு அட்டை வீட்டுக்கு வரும், நான் எடுத்துப்போய் வாசித்துக் காட்டுவேன். 'தரத்தை மேலும் உயர்த்தும் பொருட்டு.' தொழில்முறையில் சொல்கிறேன், நல்ல வாசகம், யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நோரி மட்டும் பேசுவான். "மூணு தடவையா ஒசத்துறாங்களே. இந்நேரம் அது தாதெயாமா மலை ஒசரம் போயிருக்கணுமே." ஞாயிறு முழுக்க அந்த விளையாட்டைப் பற்றித்தான் பேச்சு. என்ன கார் இருக்கும், எந்தக் கடற்கரை இருக்கும். பேசும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவான்.

போன அக்டோபரில் உங்கள் பார்சல் வந்தது. கடையில் விற்பனைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால். அவன் பெயருக்கு வந்ததால் நான் பிரிக்கவில்லை. ஞாயிறு காலை துணியில் முடிந்து, பழங்களோடு பையில் வைத்துக்கொண்டு போனேன். கொடுக்கத்தான் போனேன், முகாய் சான். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

வார்டு நடையில் தெரானிஷி என்ற நர்ஸ் என்னை நிறுத்தினாள். மூச்சு மோசமாகிக்கொண்டு வருவதை டாக்டர் அவனிடமே சொல்லிவிட்டாராம். "ஆனா பாருங்க, உங்க தம்பி கலங்கவே இல்ல. அந்தக் கார் கேம் வர்ற வரைக்கும் நான் எங்கயும் போறதா இல்லன்னு சொல்றாரு," என்று சிரித்தபடி சொன்னாள். நல்ல பெண். வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். "வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்லடா. மறுபடி தள்ளிட்டாங்க."

"எதுக்காம்?"

"தரத்தை ஒசத்தவாம்."

சிரித்தான். சிரிக்கும்போது சுவாச முகமூடிக்குள் மூச்சு இரைந்தது. பை என் கால் அருகே இருந்தது. அன்று இரண்டு பழம் சாப்பிட்டான்.

காத்திருக்கும்வரை உயிரோடு இருப்பான் என்றால் காத்திருக்கட்டும் என்று முடிவு செய்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அந்த வார்டில் மற்றவர்களெல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள், டிவியில் சுமோவைத் தவிர வேறெதுவும் ஓடாது. எந்த விளையாட்டு எப்போது கடைக்கு வந்தது என்பதெல்லாம் நர்ஸ்களுக்குத் தெரியாது. மாதாமாதம் நான் வாங்கிப்போகும் கேம் பத்திரிகையை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது. "கடையில தீர்ந்துபோச்சாம்," என்றேன். அடுத்த மாதமும் தீர்ந்துபோனது. அதற்கடுத்த மாதம் அவன் கேட்கவில்லை.

ஆனால் அறிவிப்பு அட்டை எங்கே என்று கேட்டான். அதனால் நானே ஒரு கடிதம் எழுதினேன், உங்கள் கம்பெனி எழுதுவதுபோல. ஆபீஸ் இயந்திரத்தில் அடித்து, நல்ல தாளில் எடுத்தேன். அது நவம்பர் கடைசி. அன்று காலைதான் இடி இடித்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது, குளிர் தொடங்கும்போது எங்கள் விரிகுடாவில் ஒரு இடி இடிக்கும், அதற்குப் பிறகுதான் புரி மீன் வலைக்கு வரும். அப்பா அந்த இடியைக் கேட்டதும் பூட்ஸைத் தேடுவார். நோரிக்கு மிகவும் பிடித்த சத்தம். அந்த வார்டில் ஜன்னல் இரட்டைக் கண்ணாடி, ஒன்றும் கேட்காது. இடித்ததை அவனுக்குச் சொல்லத் தோன்றியது. எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை, 'புரி மீனைக் கூப்பிடும் முதல் இடி முழங்கிய இந்நாளில் தங்கள் நலம் அறிய விழைகிறோம்' என்று கடிதம் தொடங்கிவிட்டது. மன்னிப்புக் கடிதத்தில் வானிலை. வாசித்துக் காட்டும்போதுதான் கவனித்தேன்.

"அந்த மொதல் வரிய இன்னொருக்கா வாசி," என்றான். வாசித்தேன். "டோக்கியோக்காரங்களுக்கு நம்ம ஊரு இடி கேக்குதாக்கா?"

"கேட்டிருக்கும்," என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "சரி. காத்திருக்கலாம். அடுத்த கடுதாசியில பனி எவ்வளவுன்னு எழுதுவாங்களா?"

எழுதினேன். ஜனவரியில் எங்கள் வாசலில் இடுப்பளவு பனி. மார்ச்சில் கடலில் நீலமாக மினுங்கும் கணவாய்க் குஞ்சுகள். ஏப்ரலில் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றைச் செர்ரி மரம், அதில் காக்கை கட்டிய கூடு. ஒவ்வொரு கடிதத்திலும் தாமதத்துக்கு ஒரு வரி இருக்கும், மற்றதெல்லாம் வானிலை. எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்வான். முழுதாக நம்பினான்.

இப்போது நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த முதல் ஞாயிறு வீடு திரும்பியதும் பார்சலைப் பிரித்தேன். உள்ளே உங்கள் கையால் எழுதிய கடிதம் இருந்தது. நோரியின் அஞ்சலட்டையை நீங்கள் சுவரில் ஒட்டியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். மூன்று முறை தள்ளிப்போனதே அவன் கேட்டதைச் செய்யத்தான் என்றும், நான்கு பேர் ஒரு வருடம் அதற்கென்றே உட்கார்ந்தீர்கள் என்றும், இனி இடது கட்டைவிரல் ஒன்று போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். 'சீக்கிரம் ஓட்டிப் பாருங்கள்' என்று முடித்திருந்தீர்கள். அதை வாசல்படியில் நின்றபடியே படித்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மறுநாளே பஸ் ஏறியிருக்கலாம். திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ் இருந்தது.

எவ்வளவு நாள் மிச்சம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன். ஞாயிறுதோறும் என் உள்ளங்கையை அவன் இடது கட்டைவிரலுக்குக் கீழே வைக்கச் சொல்லி அழுத்திக் காட்டுவான். "பாரு, இன்னும் அமுக்குது. கேம் வரட்டும், ஒரு கை பாக்குறேன்," என்பான். அவனிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு விரல்தான். அதைச் சொல்லி அவனே முதலில் சிரிப்பான். அக்டோபரில் கிள்ளியதுபோல் வலித்தது. ஜனவரியில் அழுத்தம் மட்டும் தெரிந்தது. ஏப்ரலில் எறும்பு ஊர்வதுபோல. நான் ஒவ்வொரு வாரமும் கை நீட்டி வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

மே இரண்டாம் ஞாயிறு. "அமுக்குறேனா?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அமுக்குறடா," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். "சரி. இனிமே அவசரமில்லக்கா. அவங்க நிதானமா செய்யட்டும்."

நான் பழம் நறுக்க ஆரம்பித்தேன். அது பெர்சிமன் காலம் இல்லை, டப்பாவில் வரும் பீச் பழம். நான் கிளம்பும்போது கூப்பிட்டான். "அந்தக் கடுதாசி எழுதுறவங்ககிட்ட ஒண்ணு சொல்லிரு. வானிலை வரி எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு. கேமை விட அதுக்குத்தான் காத்திருந்தேன்னு."

புதன்கிழமை மதியம் போய்விட்டான். முப்பத்தொரு வயது. என் நெஞ்சு அன்றிலிருந்து ஆறவில்லை, முகாய் சான். காலையில் ஆபீஸ் போகிறேன், கடிதம் எழுதுகிறேன், வீட்டுக்கு வந்து இந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறேன். வெளியே மழை என்று அவனிடம் சொல்கிறேன்.

கடிதம் எழுதுபவரிடம் சொல்லச் சொன்னதை உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கடிதங்கள் உங்கள் கம்பெனியுடையவை என்றுதானே அவன் நம்பினான், அதனால் அந்தச் செய்தி உங்களுக்குத்தான் வந்து சேர வேண்டும். வேறு யாரை நினைத்துச் சொல்லியிருப்பான்.

நீங்கள் வைத்த பெட்டியை எடுத்துப்போய்விடலாம். அவன் படம் இருக்கும் இந்த மாடத்தின் கீழ் இழுப்பறையில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. உறை இல்லாமல், மூலைகள் தேய்ந்து. முன்பே நான் வீட்டுக்கு எடுத்துவந்திருந்த அவனுடைய கருவியில் அதைப் போட்டுப் பார்த்தேன். மற்ற விரல்களைக் கட்டுத்துணியால் சுற்றிக்கொண்டு, இடது கட்டைவிரலால் மட்டும். நன்றாக ஓடுகிறது. முப்பத்திரண்டு தடங்களையும் முடித்துவிட்டேன். அந்தக் கடலோரத் தடத்தில், சுரங்கம் தாண்டியதும் வலது பக்கம் தண்ணீர் மொத்தமாகத் திறந்துகொள்ளுமே, அந்த இடத்தில் நான் உலகத்தையே மறந்துபோனேன். இரண்டு முறை ஆஸ்பத்திரி நிறுத்தத்தைக்கூடத் தவறவிட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவந்தேன். ஆமாம், அவனைப் பார்க்கப் போகும் பஸ்ஸில்தான். அன்றும் அவன் "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டான்.

அதனால் உங்கள் கேள்விக்கு என்னால் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். அவனுக்குப் பிடித்திருக்கும். நான் வந்து உட்கார்ந்ததும் தெரியாது, எழுந்து போனதும் தெரியாது, அவ்வளவு பிடித்திருக்கும். அதனால்தான் கொடுக்கவில்லை.