சரிவுக்கு ஏற்ற வண்டி

புல் வெட்டும் வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். சிவப்பில் இருக்கிறதா, பச்சையில் இருக்கிறதா என்பார்கள். அடுத்து எத்தனை குதிரைச்சக்தி என்பார்கள். தங்கள் நிலம் எப்படிப்பட்டது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதை நான்தான் கேட்க வேண்டும். இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடச் சொல்லி நீங்கள் நீட்டிய வாக்குமூலத் தாளைப் படித்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் எழுத்தர் சுத்தமாகத்தான் எழுதியிருக்கிறார். எட்டாவது வரியில் மட்டும் ஒரு பிழை. 'கடைக்காரரான மைத்துனரின் ஆலோசனையைப் புறக்கணித்து, இறந்தவர் தாமே தேர்ந்தெடுத்த ட்ராக்டர்' என்று இருக்கிறது. பிழையுள்ள தாளில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதைத் திருத்தத்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும், வண்டியைக் காட்டுவதற்கு முன் அவர்கள் நிலத்தை ஒரு நடை நடந்து பார்த்துவிடுவேன். சட்டைப் பையில் சரிவு அளக்கும் கருவி இருக்கும். ஈரம் எங்கே தேங்குகிறது, கிளை எங்கே தாழ்ந்திருக்கிறது, ஷெட் வாசல் எத்தனை அடி, எல்லாம் நோட்டில் ஏறும். பிறகு ஒரு மஞ்சள் தாள். நான் எந்த வண்டி சொன்னேன், அவர் எந்த வண்டி வாங்கினார் என்று அதில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவோம். நாளைக்கு வண்டி சேற்றில் புதைந்தால் 'நீதானே சொன்னாய்' என்று யாரும் என் சட்டையைப் பிடிக்கக்கூடாது. உங்கள் மேசையில் இருக்கிறதே, அது மாப்பிள்ளையின் மஞ்சள் தாள்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கை கணவரை. நல்ல மனிதர். கை சுத்தம், குடி கிடையாது. நான் ஒன்றைச் சொன்னால் அதற்கு நேர் எதிரே போய் நிற்பார், அவ்வளவுதான் குறை. பால்காரர் சொன்னால் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னால் கேட்பார். நான் வாயைத் திறந்தால் மட்டும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவர்களுடைய நிலம் பத்து ஏக்கர். பாதி சமதளம், மீதி குளத்தை நோக்கி இறங்கும் புல்சரிவு. நிலம் வாங்கிய வருடம், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்குங்கள் என்றேன். கையால் தள்ளுவதை வாங்கினார். பத்து ஏக்கருக்கு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வெட்டிக்கொண்டு போய்த் திரும்பினால் இந்தக் கோடியில் மறுபடி முளைத்திருக்கும். அடுத்து விறகும் வேலிக்கல்லும் ஏற்ற ஒரு சின்ன சரக்கு வண்டி. அகலமான டயர் வேண்டும் என்றேன். ஒடுங்கிய டயர் வாங்கினார். முதல் மழையில் அச்சு வரை இறங்கிவிட்டது. குற்றம் யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? "மச்சான் கடைச் சரக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார்.

மூன்றாவது முறை சோதித்துப் பார்த்தேன். இரண்டாவது சரக்கு வண்டி வாங்க வந்தபோது, அவருக்கு எது சரிப்படாதோ அதை வாயார வாழ்த்தினேன். எது சரிப்படுமோ அதைக் காட்டி, "இது மட்டும் வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். சொல்லி முடிக்குமுன் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. நாலு வருடம் ஒரு கோளாறு இல்லை. ஆக, அவருக்குச் சரியான வண்டி வாங்கித் தரும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பொய் போதும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா, பின்னால் தேவைப்படும்.

தங்கை வீட்டைப் புதுப்பித்துக் குடிபுகுந்த அன்று உறவுக்காரர்கள் கூடியிருந்தோம். மாப்பிள்ளை எல்லோரையும் ஷெட்டுக்கு அழைத்துப்போய் அந்தச் சரக்கு வண்டியைக் காட்டினார்.

"இது நானே பாத்து எடுத்தது. மச்சான் பேச்சக் கேட்டிருந்தா இந்நேரம் குளத்துல மீனோட கெடந்திருப்பேன். பாவம், விக்கத் தெரியும், வண்டி தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கையும் சிரித்தாள். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று என்ன சட்டை போட்டிருந்தேன் என்பது வரை நினைவிருக்கிறது, ஆனால் கோபம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ட்ராக்டர் வேண்டும் என்று வந்தார். பின்னால் புல்வெட்டியை மாட்டி, சரிவையும் சேர்த்து வெட்டப் போவதாகச் சொன்னார். வழக்கம்போல் நடந்து அளந்தேன். குளத்துப் பக்கம் இருபத்திரண்டு டிகிரி. பதினைந்துக்கு மேல் போனால் நான் எவருக்கும் ட்ராக்டர் சொல்ல மாட்டேன்.

இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"தாழ்வான, அகலமான வண்டி எடுங்க மாப்பிள்ளை. அதையும் சமதளத்துல மட்டும் ஓட்டுங்க. சரிவுக்கு ஆள் விட்டுக் கையால வெட்டிக்கலாம்."

"மச்சான், நீங்க விக்கிறவரு. நான் ஓட்டறவன்" என்று சொல்லிவிட்டு, மரவரிசைக்கு நடுவே ஓட்டுவதற்காகச் செய்த, உயரமான, ஒடுங்கிய வண்டியைத் தட்டிக் காட்டினார். அந்த வண்டியை முந்தின நாள்தான் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு நகர்த்தி, கழுவி வைத்திருந்தேன். சிவப்பு நிறம்.

அந்த வகையில் பின்சக்கரங்களைக் கழற்றித் திருப்பி மாட்டினால் இடைவெளி முக்கால் அடி கூடும், கவிழ்வது குறையும். அகலமாக மாட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், ஷெட் வாசல்ல நுழையாது" என்றார். நுழையும். நான் அளந்திருந்தேன். அளவு நோட்டில் இருந்தது, நோட்டு பையில் இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு நிற்கும். வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் காப்பது அதுதான். தாழ்ந்த கிளைக்கு மடக்கிக்கொள்ளலாம். "அத எப்பவும் மடக்காதீங்க" என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தேன், மடக்கியிருந்தது. அது வண்டியின் அழகைக் கெடுக்கிறதாம். எல்லாவற்றையும் மஞ்சள் தாளில் எழுதினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆறு வாரம் அவர் சமதளத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். சரிவுப் பக்கம் போகவில்லை. அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கும், மனிதர்தானே. எனக்கு அந்த ஆறு வாரம் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

பிறகு இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை வெயில் அடித்தது. ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்ததும் அவருக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பட்டியலில் அந்த அழைப்பு இருக்கிறது. அக்கறையோடு எச்சரித்த மைத்துனர் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருப்பதும் அதை வைத்துத்தான்.

"மாப்பிள்ளை, புல்லு ஈரமா இருக்கும். இன்னைக்குச் சரிவுல மட்டும் எறங்காதீங்க. உங்களால முடியாது."

போனை அப்படியே பையில் போட்டுக்கொண்டார். போனை அணைக்கவும் மறந்துவிட்டார் போல. கொஞ்ச நேரத்தில் என்ஜின் உயிர் பெறும் சத்தம் கேட்டது. நல்ல என்ஜின், ஒரே திருகில் பிடித்தது. நான் போனை வைத்துவிட்டுக் கடையைப் பெருக்கினேன். பத்தரைக்குத் தங்கை கூப்பிட்டாள்.

இப்போது உங்களுக்கே புரியும். அந்த ட்ராக்டரை மாப்பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை. அந்த நிலத்துக்கும் அந்தச் சரிவுக்கும் அந்த மனிதருக்கும் பொருத்தம் பார்த்து நான் தேர்ந்தெடுத்தேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பார். அந்தப் பொய் எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் "அவரே பாத்துப் பாத்து எடுத்த வண்டி" என்று தங்கை அழுதபோது, எழுந்து திருத்த வேண்டும் போலிருந்தது. இடம் சரியில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். தங்கைக்காகத்தான். இருபது வருடம் ஒரு பிடிவாதக்காரரோடு மல்லுக்கட்டினாள். இனியாவது நான் நல்லது சொன்னால் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இன்று காலை இங்கே வரும் வழியில் அவளைப் பார்க்கப் போனேன். நிலத்தை விற்க மாட்டாளாம், தானே பார்த்துக்கொள்வாளாம். உட்கார்ந்து ஓட்டும் சின்ன புல்வெட்டி ஒன்றை அங்கேயே சொன்னேன். அவளுக்கென்றே மனதில் ஒதுக்கி வைத்திருந்தது.

"வேணாம்ணே. எதிர்க்கடையில ஒண்ணு பாத்து, நேத்தே கொண்டாந்து எறக்கியாச்சு. உங்களுக்கு விக்கத்தான் தெரியும்னு அவரு சொல்லுவாரு" என்று சிரித்தாள். அழுத கண்ணோடு சிரித்தாள். அச்சு அசல் அவர் சிரிப்பு.

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. எட்டாவது வரியைத் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நேற்று ராத்திரி பெய்த மழையில் குளம் நிறைந்திருந்தது, அதனால் கிளம்பும்போது ஓர் அண்ணனாக அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "குளத்தோரப் புல்லை மட்டும் இன்னைக்கு நீ வெட்டாதம்மா. உன்னால முடியாது."