வலது கால் செய்த பாவம் என்ன?

அவைக்கு அழகாகவும் அரங்குக்கு அரணாகவும் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! சர்க்கரையை இரத்தத்திலும் சிரிப்பை முகத்திலும் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே! எங்கள் தட்டிலிருந்து இனிப்பைப் பறித்து எங்கள் ஆயுளில் சேர்க்கும் தாய்மார்களே! நான் என்ன உளறப்போகிறேனோ என்று முன்வரிசையில் கைப்பையைத் திருகிக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! எல்லோருக்கும் வணக்கம்!

நான் செருப்புக்கடை வைத்திருப்பவன். ஊரார் கால்களை உள்ளங்கையில் ஏந்தியவன். ஆனால் என் காலை நான் பார்த்தேனா? பாளம் பாளமாய் வெடித்தது, பார்க்கவில்லை! படுக்கை விரிப்பைப் பிறாண்டிக் கிழித்தது, அப்போதும் பார்க்கவில்லை! என் மனைவிதான் பார்த்தாள், விரிப்பை! யாரங்கே சிரிப்பது? உங்கள் குதிகாலைக் காட்டிவிட்டுச் சிரியுங்கள், ஐயா!

இதோ மேடையில் இருக்கிறாரே தோல் மருத்துவர் அம்மா, அவரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். மாதுளைத் தோல், திராட்சை விதை, தேயிலை இவற்றின் சாறெடுத்துக் களிம்பாக்கி, சர்க்கரை நோயால் வறண்ட தோலுக்கு அது உதவுமா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்த நேரம்.

"இதுல ஆன்டி ஆக்சிடன்ட் இருக்கு. சர்க்கரை ஏறினா உடம்புக்குள்ள துருப் பிடிக்கிற மாதிரி ஒண்ணு நடக்கும். அதை இது தடுக்குதான்னு பார்க்கணும். இடது காலுக்கு மட்டும் தடவுங்க. வலது காலைத் தொடவே கூடாது, அப்பதான் வித்தியாசம் தெரியும். மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். என் மனைவி ஆட்டவில்லை.

வீட்டில் இடது காலுக்கு மாதுளை மணக்க மகாராஜா மரியாதை! வலது கால், அழைக்காத விருந்தாளியாய் ஓரமாகக் கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, வலது கால் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"அடியே, இது ஆராய்ச்சி! தடவினா எல்லாம் பாழாயிடும்."

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த கால்தானே! ஒண்ணுக்குச் செஞ்சு ஒண்ணை விட எனக்கு மனசு வரல. நீங்க பேசாம டிவியைப் பாருங்க."

தாய்மார்களே, கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள், தட்டுங்கள்! வலது காலை மடியில் எடுத்துவைத்தாள். தடவிய விரல் பாதத்தின் நடுவில் நின்றது. அங்கே ஒரு குழி. சுற்றிலும் சிவப்பு, உள்ளே சீழ். ஓடிப்போய்ச் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி!

எத்தனை நாளாய்க் குத்தியது? தெரியாது! வலித்ததா? வலிக்கவில்லை! சர்க்கரை என் காலின் உணர்வையே தின்றுவிட்டிருந்தது. 'முள்ளும் குத்தாத செருப்பு' என்று பலகை மாட்டி வியாபாரம் செய்கிறவன், ஆணிமேல் நடந்து கடைக்குப் போய்வந்திருக்கிறேன், ஐயா!

"வலிக்கலையாங்க? நிஜமாவே வலிக்கலையா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பயந்துபோனேன்; உடனே ஆட்டோ பிடித்து மருத்துவர் அம்மாவிடம் போனோம்.

மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்தார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றவர், மூக்கைச் சுளித்தார். "வலது கால்ல எப்படி மாதுளை வாசனை?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"சரி. உங்க ரெண்டு காலையும் எடுத்துட்டேன், ஆராய்ச்சியில இருந்து."

"ஆராய்ச்சியில இருந்துதானே டாக்டர்? உடம்புல இருந்து இல்லையே! போகட்டும் விடுங்க" என்றாள் இவள். கோபமாய் இருந்த மருத்துவரும் சிரித்துவிட்டார்.

களிம்பு நல்லதா? என் குதிகால் மென்மையானது உண்மை. மற்றவர்களுக்கும் ஆகுமா என்பதை ஆராய்ச்சி முடித்து அம்மையார் சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றே ஒன்று. தடவுகிற சாக்கிலாவது தினமும் பாதத்தைப் பாருங்கள்! குனிய முடியாதவர்கள் கண்ணாடியில் பாருங்கள்! கண் மங்கியவர்கள் வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள்! வெட்கப்படாதீர்கள், வலிக்கும்வரை காத்திராதீர்கள், நமக்கு வலிக்காது!

இவ்வளவு நேரம் இரண்டு காலில் நின்று பேசிவிட்டேன். இடது காலின் நன்றி மருத்துவர் அம்மாவுக்கு. வலது காலின் நன்றி, அதோ, முன்வரிசைக்கு. வணக்கம்!