தொட்டது யார்?

— கையை இழுக்காதக்கா! விரலை நல்லா விரி. வெளிச்சத்துப் பக்கம் திரும்பு, சீக்கிரம்!

— கூசுதுங்க நர்சம்மா.

— பூதக்கண்ணாடி கூசாது, சும்மா இரு. இதோ, விரலிடுக்குல மயிர் மாதிரி ஒரு கோடு. ஐயோ மாதாவே, புதுசு! போன வாரம் இது இல்லியே. மூணு தடவை மருந்து போட்டும் உன் சிரங்கு திரும்பி வந்திருக்கு கருப்பியக்கா!

— வந்தா வந்துட்டுப் போவுது. உக்காருங்க. மலை ஏறி வந்தது மூச்சு வாங்குது பாருங்க. இண்டூர்ல உங்கம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

— அம்மாவைப் பத்திப் பேசற நேரமா இது? எங்க பயிற்சி சார் எனக்குப் பரீட்சை வைக்க வத்தல்மலை ஏறிக்கிட்டிருக்காரு. ஊர்க்கவுண்டரைக் கூட்டிக்கிட்டு நேரா இந்தச் சாமைக்காட்டுக் குடிசைக்குத்தான் வருவாரு. நான் குறுக்கு வழியில ஓடி வந்தேன். கவுண்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கில்ல?

— ஊரே கேக்கத்தானே சொன்னாரு. ‘மொதல்ல அந்தக் கருப்பியைச் சுத்தமாக்கிக் காட்டு. அப்புறமா எங்க புள்ளைங்க மேல கையை வை’ன்னு.

— இன்னிக்கு அவர் உன் கையை இப்படிப் பாத்தா, மருந்துப் பெட்டியைக் கட்டிக்கிட்டு நான் எறங்க வேண்டியதுதான். பரீட்சையில நான் தோக்கறது கிடக்கட்டும். சின்னக்கண்ணுவோட பொட்டப்புள்ளைக்கு விரல் பூரா சீழ், மடக்க முடியல. வேலிக்கு அந்தாண்ட நின்னுதான் பாத்தேன். கிட்ட விட மாட்டேங்கறாங்க.

— ராவெல்லாம் அழுவுது அது. இங்க வரைக்கும் கேக்கும்.

— அதுக்காகத்தான் கேக்கறேன், மறைக்காம சொல்லு. இது சாமி குத்தமும் இல்ல, தீட்டும் இல்ல. பூச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்குது. உன் பாயைக் கொளுத்தினேன். சேலையை வேகவெச்சேன். கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் என் கையாலயே மருந்து தடவினேன். அதுக்கப்புறமும் வருதுன்னா என்ன அர்த்தம்?

— நீங்கதானே படிச்சவங்க.

— நல்லம்பள்ளி வகுப்புல எனக்குச் சொல்லிக் குடுத்த மொதல் பாடமே இதுதான். திரும்பி வந்தா, தொடறவங்க யாரோ இருக்காங்க. ஒரே பாயில படுக்கறவங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து போடணும். ஒருத்தரை விட்டாலும் போச்சு. யாரு அது?

— காத்து தொடுது. மழைச்சாரல் தொடுது.

— விளையாடாதக்கா!

— அட போங்க நர்சம்மா. பொங்கல்லேர்ந்து நான் இந்தக் குடிசையிலதான் கிடக்கேன். களியைக்கூட அந்தப் பாறை மேல வெச்சிட்டுக் கூவிட்டுப் போயிடறாங்க. தொட யாரு இருக்கா?

— அப்போ பூச்சி பறந்தா வந்துச்சு? அதுக்குச் சிறகு கிடையாது. யாரோ இங்க வந்து போறாங்க, நீ காட்டிக் குடுக்க மாட்டேங்கற. வெக்கப்படாதே, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பேரை மட்டும் சொல்லு. ஏன் தலையைக் குனியற? கீழ நாய் குரைக்குது, வந்துட்டாங்க போல! அக்கா!

— எங்க வூட்டுக்காரருங்க.

— மல்லையண்ணனா? அவர்தான் உன்னைத் தள்ளி வெச்சிட்டு காளியைக் கட்டிக்கிட்டாரே!

— கட்டிக்கிட்டா மனசு கேக்குமா? ஊர் அடங்கினதும் வருவாரு. தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு, ‘எங்க அரிக்குது புள்ளே’ன்னு முதுகைச் சொறிஞ்சு விடுவாரு. எனக்குக் கண்ணு சொக்கினப்புறம்தான் எந்திரிச்சுப் போவாரு.

— இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்! அவருக்கும் காளிக்கும் இன்னிக்கே மருந்து போட்டுடறேன். சார்கிட்ட காரணத்தைச் சொல்லி இன்னும் ஒரு வாரம் கேக்கறேன். கவுண்டரும் ஒத்துக்குவாரு. பொழைச்சேன் போ!

— ஏ புள்ளே! களி வெச்சாச்சு, எடுத்துக்கோ!

— அவரேதான்! மல்லையண்ணே! நில்லுங்க, ஓடாதீங்க! இப்படிக் கிட்ட வாங்க!

— அங்கியேர்ந்தே சொல்லுங்க ராஜமேரி நர்சம்மா. இந்தப் பாறையைத் தாண்டினேன்னு தெரிஞ்சா காளி என்னை வூட்டுக்குள்ள விட மாட்டா.

— ராத்திரியில மட்டும் எப்படி விடறாளாம்?

— ராத்திரியா? இங்கியா? நானா? அடி ஆத்தா! நீங்க அவளைத் தொடறதைப் பாத்தாலே எனக்கு இங்க அரிக்குது!

— நடிச்சது போதும். நின்ன எடத்துலயே நில்லுங்க, நான் வர்றேன். கையை விரிங்க. கக்கத்தைக் காட்டுங்க.

— நல்லாப் பாத்துக்குங்க. இடுப்பையும் பாருங்க. ஒரு கீறல் இருக்கா? காளி மேலயும் ஒண்ணும் கிடையாது. இவளை இங்க கொண்டாந்து விட்டப்புறம் அந்தக் குடிசைக்கு வாசல் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதுங்க. நான் வர்றேன்னு யாரு சொன்னது? அவளா?

— நீங்க போங்கண்ணே.

— கவுண்டரும் உங்க சாரும் ஊர் முனைக்கு வந்துட்டாங்க. அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க.

— கருப்பியக்கா. இங்க பாரு. அவர் மேல ஒரு புள்ளி இல்ல. விரலிடுக்கு சுத்தமா இருக்கு. அவர் வரல.

— வரலீங்க.

— அப்போ யாரு வந்தது?

— யாருமில்லீங்க. வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் படுத்துக்குவேன். அதைத்தான் சொன்னேன்.

— பொய்! தொட ஆளில்லாம இது திரும்பி வராது. அவங்க வந்து நிக்கறதுக்குள்ள உண்மையைச் சொல்லு, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!

— திரும்பி வரலீங்க நர்சம்மா, அது போவவே இல்ல. நீங்க மருந்து தடவிட்டு எறங்கினதும் ஓடையில போயி ஒரு சொட்டு விடாம கழுவிடுவேன். மேலு சுத்தமாயிட்டா, அப்புறம் என்னைத் தொட யாருங்க வருவாங்க?