முத்து முத்தா விழுற நூல்

...மெஷின்லதாண்ணா கோளாறு, வேற எதுலயும் இல்ல. கம்பெனிலேர்ந்து பழுது பாக்க வந்தவரு நீங்க, லேசுல ஒத்துக்க மாட்டீங்க, அது வேற விஷயம். நீங்க கழட்டுங்க, நான் பாட்டுக்குத் தரையைத் துடைக்கிறேன்.

ஆறு வருஷமா இந்த லேப்ல கூட்டித் துடைக்கிறேன். படிச்சது எட்டாவது. ஆனா இந்த ஊசி எப்பிடி நூல் விடும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கஞ்சி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கரைசல், அதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள். கரன்ட் குடுத்தா ஊசி முனையிலேர்ந்து நூலா ஓடி அந்த உருளையில சுத்திக்கும். தலைமுடிய நூறா கிழிச்சா எவ்வளவோ, அவ்வளவு சன்னம். அந்தத் துணிய உலையில சுட்டு பேட்டரிக்குள்ள வெச்சா கரன்ட்ட கப்புன்னு பிடிச்சுக்குமாம். இப்ப பாருங்க, பாசிமணி கோத்த மாதிரி முத்து முத்தா...

ரெண்டு மாசமா இப்பிடித்தான். பாவம் நம்ம ஆராய்ச்சிப் பொண்ணு. மொதல்ல துகள் கட்டி கட்டிடுச்சுன்னு நாள் பூரா கலக்கினா. அப்புறம் துகளைக் கொறைச்சா. அப்புறம் துகளே வேணாம்னு வெறுங்கரைசல விட்டா, அதுலயும் முத்து. பேராசிரியர் என்னடான்னா, உனக்குக் கை சுத்தமில்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல துணி வரலைன்னா இந்த ஆராய்ச்சிய வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்னுட்டார். மூணு வருஷ உழைப்புண்ணா. நேத்து குழாயத் தெறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழறா.

ரெண்டு மாசம்னு எப்பிடி ஞாபகம்னா, நாங்க வீடு மாறினது அப்பதான். மொட்டை மாடி கிடையாது, வெயில் எட்டிக்கூடப் பாக்காது. எங்க வீட்டுக்காரர் கயிறு கட்டறேன் கட்டறேன்னு வாயாலயே பத்துக் கயிறு கட்டிட்டார். என் குட்டிக்கு ரெண்டு வயசு, நாளைக்குப் பத்து ஜட்டி நனைக்கிறா. நான் அசருவேனா? பக்கத்துல உலை எரியறதால இந்த ரூம் கதகதன்னு இருக்கும். மெஷினுக்குப் பின்னாடி ஒரு கயிறு, யார் கண்ணுலயும் படாது. மத்தியானம் மாட்டினா சாயங்காலம் முறுமுறுன்னு காஞ்சுடும். துணி பறக்குதேன்னு, ரூம் காத்த வெளிய தள்ளுற அந்தக் காத்தாடியையும் நிறுத்தி வெச்சுடுவேன்.

என்னண்ணா, சுவத்துக் கடிகாரத்தையே பாக்கறீங்க... கடிகாரம் இல்லையா? காத்துல ஈரம் காட்டறதா? எண்பது. எவ்வளவு இருக்கணும்?

நாப்பதா...

அந்தப் பொண்ணு காலையிலதான் அதைப் பாத்து எழுதுவா. நூல் விடறது மத்தியானம்.

அப்போ... ஈரக் காத்து பட்டா நூல் முத்து கட்டுமா?

பின்னாடி போகாதீங்கண்ணா... போயிட்டீங்க. அந்த மஞ்ச ஜட்டி மட்டும் இன்னும் காயல.

பேப்பர்ல என்ன எழுதறீங்க? மெஷின் நல்லாருக்குன்னு மட்டுமா? அப்ப பழி மறுபடி அவ தலையிலதானே விழும். எழுதுங்க, லேப் கூட்டறவ துணி காயப் போட்டுட்டாள்னே எழுதுங்க. வேணாம், இருங்க. வெளிய படிக்கட்டுலதான் உக்காந்திருக்கா, நானே போய்ச் சொல்லிடறேன்.

நீங்க அந்தக் கயித்த அவுத்துச் சுருட்டி வைங்க. எங்க வீட்டுக்காரர் கையில குடுக்கணும்.