குருத்துக்குள் ஊற்றிய தண்ணீர்

புறம் பேசிய பாவம் சேருமோ என்று அஞ்சி, இதைப் பல வருடம் எழுதாமல் இருந்தேன். மடவளை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு ராத்தாவும் தங்கச்சியும் இருந்தார்கள்.

"மவனுக்கு டெங்கு வந்தது என்ட புரோமிலியாச் செடியால, ராத்தா."

"செடியால காய்ச்சல் வருமா? விசர்க் கதை."

"தண்ணி தேங்காம சட்டி, சிரட்டை எல்லாம் கவுத்தேன். ஆனா அன்னாசி மாதிரி அந்தக் குருத்துக்குள்ள நானே தண்ணி ஊத்தி வெச்சேன். இண்டைக்குப் பார்த்தா நுளம்புப் புழு நெளியுது."

"இப்ப புள்ள எப்படி?"

"ஆஸ்பத்திரி வாட்டுல ஈக்கான். பிளேட்லட் இறங்குதாம்."

ராத்தா தங்கச்சியின் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தந்த மூணு செடிக் கன்டுக்கும் அப்படித்தானே ஊத்தச் சொன்னாய்?"

தங்கச்சி அழுதாள். ராத்தா வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"மகள், செடிக்கிட்ட விளையாடுற புள்ளய உள்ளுக்குத் தூக்குங்க. ஓடுங்க!"

அல்லாஹ் காப்பாற்றட்டும். செடி வளர்ப்பவர்களுக்கு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், இதைச் சொல்லுங்கள்.