லீக்ஸ் பாத்தி

கான் என்றால் வேறொன்றுமில்லை, ஐயா. மழை தேயிலை மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கச் சரிவில் நாங்கள் வெட்டுகிற வடிகால். தோட்டத்தில் முப்பது வருஷம் அதைத்தான் வெட்டினேன். தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே பாயும் என்று கந்தப்பளைப் பக்கம் இந்தக் கணேசமூர்த்தியைத்தான் கேட்பார்கள்.

தோட்டம் தந்த லய அறையை விட்டு வந்து மேட்டில் வீடு கட்டினேன். பின்னால் ஓடிய கான் நிரம்பி வழிந்து சமைக்கிற குசினியின் சுவர் ஊறிப்போனது. என் மனைவி சண்முகவடிவு அந்தச் சுவரைத் தடவித் தடவி அழுவாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஓடை வரைக்கும் கானை வெட்டியிருக்கலாம்தான். நடுவில் நான் நட்ட லீக்ஸ் பாத்தி இருந்தது. அதனால் கீழ்ப்பக்கம் ஒரு மம்பட்டி அகலம் திறந்துவிட்டேன். கால் மணி நேர வேலை. சுவர் காய்ந்துவிட்டது.

கீழே ஜீவராணியின் வீடு. புருஷனுக்குக் கொழும்பில் வேலை, இங்கே அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். கார்த்திகை அடைமழையில், வீட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். போனேன். வெடிப்பில் என் கை முழங்கை வரை இறங்கியது. அவள் துணிமணியை மூட்டை கட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கப் போகிறாளாம்.

அவள் போனால் கிராம சேவகர் வருவார். வெடிப்பைப் பார்ப்பவர், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மேலே ஏறிப் பார்ப்பார். நீங்களும் அப்படித்தானே வந்தீர்கள்.

"நீங்க சொன்னா இருக்கோம், அண்ணே," என்றாள்.

பாவமாகத்தான் இருந்தது. "பயப்படாம இரும்மா. இது வெறும் மேல் மண்ணு," என்றேன்.

வெடிப்பில் மண் போட்டு மிதித்தும் கொடுத்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடித்து முடிப்பதற்குள் சின்னவள் மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மண் இறங்கியது. மம்பட்டியோடு முதலில் ஓடியவன் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேரையும் வெளியே எடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. சின்னவளை நான்தான் தூக்கினேன்.

கானைத் திருப்பியது நான். போகவிடாமல் இருக்கச் சொன்னதும் நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று, ஐயா. ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். யாரை வேண்டுமானாலும் அவள் கேட்டிருக்கலாம். என்னைப் போய்க் கேட்டாள்.